நீலத் திரையில் ஒரு பெயர்

நவம்பர் மாதம் நன்னிலம் பக்கம் வந்தால், வயலில் சம்பா நடவு பெரும்பாலும் முடிந்திருக்கும். ஆனால் கம்ப்யூட்டர் சென்டர்களில் கூட்டம் அலைமோதும். பயிர்க் காப்பீட்டுக்குப் பதிவு செய்யும் கடைசித் தேதி நெருங்கும் நேரம் அது. சிட்டா, அடங்கல், ஆதார், பாஸ்புக் நகல் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் சுருட்டிக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். ஓய்வூதியம் வாங்கும் தாத்தா பாட்டிகள் பலர் தங்கள் உயிர்வாழ் சான்றைக் கைரேகை வைத்துப் புதுப்பிக்க வருவதும் அதே மாதம்தான்.

கடைத்தெருவில் எங்கள் தெரு அக்கா ஒருவர் அப்படி ஒரு சென்டர் நடத்துகிறார். போன வருஷம் அவருடைய கம்ப்யூட்டருக்கு ஒரு வியாதி வந்தது. காலையில் கடை திறந்ததும் நன்றாக ஓடும். பதினொரு மணிக்குக் கூட்டம் ஏறும். யாராவது ஒருவர் கைரேகைக் கருவியில் விரலை வைப்பார். பொசுக்கென்று திரை முழுக்க நீலமாகிவிடும். ஒரு சோக முகம், நாலைந்து வரி ஆங்கிலம், ஓரத்தில் ஒரு க்யூஆர் கட்டம். கொஞ்ச நேரத்தில் தானாகவே அணைந்து மறுபடி கிளம்பும். பாதி நிரப்பிய விண்ணப்பம் போயே போய்விடும். நாற்றுப் பறித்துத் தேய்ந்த விரல்களில் ரேகை சுலபத்தில் பதியாது. நாலு முறை அழுத்திப் பதிய வைத்த நேரத்தில் மெஷின் நின்றால் யாருக்குத்தான் பொறுக்கும்?

"மறுபடியும் நின்னு போயிட்டும்மா, வோல்டேஜ் பத்தலை போல" என்றார் ஒரு பெரியவர். "வைரஸ் பூந்துட்டு" என்றார் இன்னொருவர். குறுவை அறுப்புத் தூசி உள்ளே போய்ச் சூடாகிறது என்றும் ஒரு கட்சி இருந்தது. மெக்கானிக் வந்து விண்டோஸை அடியோடு அழித்து, புதிதாகப் போட்டுக் கொடுத்தார். நன்றாகத்தான் ஓடியது. கைரேகைக் கருவியை மறுபடி இணைத்து, அதோடு வந்த சிடியைப் போட்டு இன்ஸ்டால் செய்ததும் பழைய கதை திரும்பியது.

அக்காவின் மகள் ஒன்பதாம் வகுப்பு. நவம்பர் என்றால் நம் பக்கம் மழை விடுமுறைக்குக் குறைவில்லை. அந்த நாட்களில் கடையில் உட்கார்ந்திருந்த அவள், பழைய கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் கோடு போட்டு ஒவ்வொரு முடக்கத்தையும் எழுத ஆரம்பித்தாள். மணி எத்தனை, அப்போது என்ன வேலை நடந்தது, எத்தனை பக்கங்கள் திறந்திருந்தன, நீலத் திரையில் பெரிய எழுத்தில் என்ன வந்தது, அதற்குக் கீழே எந்தக் கோப்பின் பெயர் வந்தது. சில நாட்களிலேயே நோட்டு ஒன்றைத் தெளிவாகச் சொன்னது: ஒவ்வொரு முறையும் ஒரே குறிப்பு, ஒரே கோப்பின் பெயர். அந்தப் பெயர் '.சிஸ்' என்று முடிந்தது. விண்டோஸில் அப்படி முடியும் கோப்புகள் பெரும்பாலும் டிவைஸ் டிரைவர்கள்.

டிவைஸ் டிரைவர் என்றால் என்ன? கீபோர்டு, மவுஸ், பிரிண்டர், வைஃபை, கேமரா என்று கம்ப்யூட்டரோடு சேரும் கருவிகளில் ஆயிரக்கணக்கான வகைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் செய்யும் கம்பெனி வேறு. இத்தனை கருவிகளும் உள்ளே எப்படி வேலை செய்கின்றன என்பது விண்டோஸை எழுதுபவர்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. அதனால் கருவியைச் செய்தவர்களே அதற்கென்று ஒரு சிறிய புரோகிராமையும் எழுதிக் கொடுக்கிறார்கள். அதுதான் டிரைவர். நீங்கள் 'பிரிண்ட்' என்று சொடுக்கினால், அந்தக் குறிப்பிட்ட பிரிண்டருக்குப் புரியும் கட்டளைகளாக அதை மாற்றி அனுப்புவது டிரைவர். பாட்டி விரல் வைத்ததும் கருவி எடுத்த ரேகைப் படத்தை வாங்கி, விண்டோஸ் கேட்கும் வடிவில் கொடுப்பதும் டிரைவர்.

சரி, பிரவுசரிலும் கேமிலும்கூடப் பிழைகள் உண்டே, அவை நின்றால் அந்த ஜன்னல் மட்டும்தானே மூடுகிறது? டிரைவரில் ஒரு பிழை வந்தால் மட்டும் ஏன் மொத்தக் கம்ப்யூட்டரும் படுக்கிறது?

டெல்டாப் பிள்ளைகளுக்கு இதை வாய்க்காலை வைத்துச் சொல்லிவிடலாம். உங்கள் வயலின் மடையை உங்கள் அப்பா எப்போது வேண்டுமானாலும் வெட்டலாம், அடைக்கலாம். அவர் அடைக்க மறந்தால் உங்கள் வயலில்தான் தண்ணீர் கட்டி நிற்கும். ஆற்று மதகின் ஷட்டரை ஏற்றி இறக்கும் சாவி மட்டும் மதகுப் பணியாளரான லஸ்கரிடம் இருக்கும். அவர் தவறாகத் திருகினால் ஊர் வயல் மொத்தமும் மூழ்கும். கம்ப்யூட்டரிலும் இதே ஏற்பாடுதான். பிரவுசரும் கேமும் தங்களுக்கு ஒதுக்கிய மெமரியை மட்டுமே தொட முடியும். டிரைவர்களில் பெரும்பாலானவை கெர்னல் என்னும் மையப் பகுதிக்குள் அமர்ந்து வேலை செய்கின்றன. அங்கே இருப்பதற்கு எல்லா மெமரியையும் தொடும் அதிகாரம் உண்டு.

இந்தப் பாகுபாடு பிராசசர் சிப்பிலேயே இருக்கிறது. இன்டெல் 1982-ல் வெளியிட்ட 80286 சிப்பிலேயே 0 முதல் 3 வரை நான்கு அதிகார அடுக்குகள் இருந்தன. விண்டோஸும் லினக்ஸும் அவற்றில் இரண்டைத்தான் பயன்படுத்திக்கொண்டன. சாதாரண புரோகிராம்களுக்கு 3, கெர்னலுக்கு 0. மூன்றாம் அடுக்கில் இருப்பது தனக்கு உரிமையில்லாத இடத்தைத் தொட்டால் சிப் தடுத்துவிடும். விண்டோஸ் அந்தப் புரோகிராமை மட்டும் மூடிவிடும். பூஜ்ய அடுக்கில் இருக்கும் ஒன்று தப்பு செய்தால் யாரிடம் முறையிடுவது? மெமரியில் எது கெட்டது, எது நல்லது என்று அதற்குப் பிறகு யாராலும் உறுதி சொல்ல முடியாது. கெட்டுப்போன தகவலை அப்படியே டிஸ்க்கில் எழுதினால் உங்கள் புகைப்படங்கள், அக்காவின் கணக்குகள் எல்லாமே பாழாகலாம். அதனால் விண்டோஸ், தவறு தெரிந்த அந்த நொடியிலேயே எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறது. நீலத் திரை என்பது கம்ப்யூட்டர் வேண்டுமென்றே செய்யும் நிறுத்தம். உங்கள் கோப்புகளைக் காப்பாற்றத்தான் அது நிற்கிறது.

நிற்கும் முன் இன்னொரு நல்ல காரியமும் செய்கிறது. அப்போது மெமரியில் என்ன இருந்தது, எந்தக் கட்டளை ஓடிக்கொண்டிருந்தது என்பதை ஒரு சிறு கோப்பாக எழுதி வைக்கிறது. விண்டோஸ் ஃபோல்டருக்குள் 'மினிடம்ப்' என்ற பெயரில் அது சேரும். விவரம் தெரிந்தவர்கள் அதைப் பிரித்துப் பார்த்துக் குற்றவாளியைக் கண்டுபிடிப்பார்கள்.

இப்போது அந்த நோட்டுக்கு வருவோம். அவள் ஒவ்வொரு முறையும் எழுதிய வரி இதுதான்: 'டிரைவர் ஐஆர்க்யூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல்'. பார்க்கப் பயமாக இருக்கிறது அல்லவா? இதற்குப் பின்னால் இருக்கும் விஷயம் அருமையானது. கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

ஒரு கம்ப்யூட்டரின் ராம் மெமரிக்கு அளவு உண்டு. அக்காவின் கம்ப்யூட்டரில் 4 ஜிபி. அது நிரம்பிக்கொண்டே வந்தால், விண்டோஸ் அப்போதைக்கு யாரும் கேட்காத தகவல்களை எடுத்து ஹார்ட் டிஸ்க்கில் ஒரு கோப்பில் வைத்துவிடும். பிறகு யாராவது கேட்டால் மறுபடி ராமுக்குக் கொண்டுவரும். இதற்குச் சில மில்லி விநாடிகள் ஆகும். நமக்கு அது கண்ணிமைக்கும் நேரம்கூட இல்லை. பிராசசருக்கோ அது பல லட்சம் கட்டளைகளைச் செய்து முடிக்கும் நேரம்.

இன்னொரு பக்கம், ஒரு கருவி 'என்னைக் கவனி' என்று சிக்னல் கொடுத்தால், பிராசசர் கையிலிருக்கும் வேலையை அப்படியே போட்டுவிட்டு அதைப் பார்க்கும். இதற்கு இன்டரப்ட் என்று பெயர். எந்த வேலை எவ்வளவு அவசரம் என்று விண்டோஸ் ஒரு எண் வைத்திருக்கிறது. அந்த எண்தான் ஐஆர்க்யூஎல். அவசர எண் உயர்ந்திருக்கும்போது டிஸ்க்கிலிருந்து எதையும் கொண்டுவரக் காத்திருக்க முடியாது. ஆகவே டிரைவர் எழுதுபவர்களுக்கு ஒரு கண்டிப்பான விதி உண்டு: அந்த நேரத்தில் தொடப்போகும் தகவலை, டிஸ்க்குக்கு ஒருபோதும் நகராத தனி மெமரிப் பகுதியில் வைக்க வேண்டும்.

அந்தக் கைரேகைக் கருவியின் டிரைவரை எழுதியவர் ஏதோ ஓரிடத்தில் இந்த விதியைத் தவறவிட்டுவிட்டார். காலையில் ஒன்றிரண்டு பக்கங்கள்தான் திறந்திருக்கும், ராமில் நிறைய இடம் இருக்கும். டிரைவர் தப்பான நேரத்தில் தொட்டாலும் தகவல் அங்கேயே இருக்கும், பிழை வெளியே தெரியாது. பதினொரு மணிக்குக் காப்பீட்டுப் பக்கம், பட்டாப் பக்கம், ஸ்கேன் செய்த படங்கள் என்று பத்துப் பதினைந்து ஜன்னல்கள் திறந்துவிடும். ராம் நிரம்பும். டிரைவருக்கு வேண்டிய தகவல் டிஸ்க்குக்குப் போய்விடும். பெரியவர் விரலை வைப்பார், இன்டரப்ட் வரும், டிரைவர் இல்லாத இடத்தைத் தொடும், நீலத் திரை.

'எப்போதாவதுதான் நிற்கிறது' என்று பெரியவர்கள் சலித்துக்கொள்வார்கள். எப்போதாவது நடப்பதற்கும் காரணம் உண்டு. அந்தக் காரணம் சேரும் நேரம் எப்போது என்பதைத்தான் நோட்டு காட்டிக்கொடுத்தது. கூட்ட நேரத்தில் கம்ப்யூட்டர் சூடும் ஏறும்தான், அதனால் சூடு என்று சொன்னவர்களையும் குறை சொல்ல முடியாது. சூட்டினாலோ ராம் சிப் கெட்டுப்போனதாலோ நின்றிருந்தால், ஒரு நாள் ஒரு பெயர், மறுநாள் வேறு பெயர் என்று குறிப்புகள் மாறி மாறி வந்திருக்கும். ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது டிரைவரைத்தான்.

இது நன்னிலத்து வியாதி மட்டும் இல்லை, உலகத்து வியாதி. 1998 ஏப்ரல் 20 அன்று சிகாகோவில் பெரிய கண்காட்சி ஒன்றில், இன்னும் வெளிவராத விண்டோஸ் 98-ஐ மைக்ரோசாஃப்ட் மேடையில் இயக்கிக் காட்டியது. பில் கேட்ஸ் பக்கத்தில் நிற்க, அவருடைய உதவியாளர் ஒரு ஸ்கேனரின் வயரைக் கம்ப்யூட்டரில் செருகினார். கருவியைச் செருகினால் போதும், கம்ப்யூட்டர் தானாகவே அடையாளம் கண்டுகொள்ளும் என்று காட்டுவதுதான் நோக்கம். அடையாளம் கண்டு டிரைவரை ஏற்றும் நேரத்தில், பெரிய திரையில் எல்லோர் கண்முன்னாலும் நீலம் வந்து நின்றது.

2001-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் லினக்ஸ் கெர்னலை ஆராய்ந்தார்கள். மற்றப் பகுதிகளைவிட டிரைவர்களில் பிழை விகிதம் 3 முதல் 7 மடங்குவரை அதிகம் என்று கண்டார்கள். 2003-ல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மூவர் எழுதிய கட்டுரை, விண்டோஸ் எக்ஸ்பியில் அப்போது பதிவான முடக்கங்களில் 85 சதவீதத்துக்கு டிரைவர்கள் காரணம் என்று சொன்னது. யோசித்துப் பார்த்தால் இதில் வியப்பில்லை. கெர்னலை எழுதுபவர்கள் ஒரு குழு, டிரைவர்களை எழுதுபவர்கள் உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான கம்பெனிகளில் இருப்பவர்கள். கெர்னலின் நுணுக்கமான விதிகள் எல்லாம் அவர்கள் எல்லோருக்கும் அத்துப்படியாக இருக்காது. கருவியை விற்க வேண்டிய அவசரமும் சேர்ந்துகொள்ளும்.

இதற்கு மருந்து கண்டுபிடித்த இருவரில் ஒருவர் நம் சென்னைக் கல்லூரியில் படித்தவர் என்பதைச் சொல்லும்போது எனக்கு மனம் நிறைகிறது. ஸ்ரீராம் ராஜாமணி, கிண்டி பொறியியல் கல்லூரியில் கணினிப் படிப்பு முடித்தவர். 1794-ல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய அதே பழைய கல்லூரிதான். பிறகு அமெரிக்கா சென்று பெர்க்லியில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்று, மைக்ரோசாஃப்ட்டின் ஆராய்ச்சிப் பிரிவில் சேர்ந்தார். அங்கே தாமஸ் பால் என்பவரோடு சேர்ந்து அவர் உருவாக்கிய திட்டத்தின் பெயர் 'ஸ்லாம்'. ஒரு டிரைவரை ஓட்டிப் பார்க்காமலே, அது விதிகளை மீறுமா மீறாதா என்று கணக்குப் போட்டுச் சொல்லும் புரோகிராம் அது.

எப்படி முடியும் என்கிறீர்களா? ஒரு விதியை எடுத்துக்கொள்வோம். ஒரே தகவலை இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் மாற்றிவிடாமல் இருக்க டிரைவர் ஒரு பூட்டைப் போடும், வேலை முடிந்ததும் திறக்கும். போட்ட பூட்டைத் திறக்காமலே இன்னொரு முறை போடக் கூடாது. போட்டால், அது திறக்கட்டும் என்று தானே காத்திருந்து அப்படியே உறைந்துவிடும். இப்போது டிரைவருக்குள் 'இப்படி இருந்தால் இதைச் செய், இல்லாவிட்டால் அதைச் செய்' என்று 20 இடங்களில் கிளை பிரிகிறது என்று வையுங்கள். மொத்த வழிகள் எத்தனை? இரண்டை 20 முறை பெருக்கிப் பாருங்கள், 10,48,576 வரும். நிஜமான டிரைவர்களில் கிளைகள் இதைவிட மிக அதிகம். ஒவ்வொரு வழியாக ஓட்டிப் பார்த்துச் சோதிப்பது நடக்கிற காரியமா?

ராஜாமணியும் பாலும் ஒரு யோசனை செய்தார்கள். பூட்டு விதியைச் சோதிக்க, டிரைவரில் உள்ள எல்லாத் தகவலும் வேண்டியதில்லை. 'பூட்டு போட்டிருக்கிறதா, இல்லையா' என்ற ஒரே ஒரு ஆம்-இல்லை கேள்வியை மட்டும் வைத்துக்கொண்டு டிரைவரை ஒரு சிறிய மாதிரியாகச் சுருக்கினார்கள். அந்தச் சிறிய மாதிரியில் எல்லா வழிகளையும் கம்ப்யூட்டரே தேடிவிடும். விதி மீறும் வழி ஒன்று அகப்பட்டால், உடனே குற்றம் சாட்டிவிடாது. உண்மையான டிரைவரில் அந்த வழி சாத்தியமா என்று சரிபார்க்கும். சாத்தியம் என்றால் பிழை கையும் களவுமாகப் பிடிபட்டது, எந்த வரியில் தொடங்கி எந்த வரிவரை என்று காட்டிவிடும். சாத்தியமில்லை என்றால், எந்த விவரத்தை விட்டதால் ஏமாந்தோம் என்று பார்த்து, இன்னொரு ஆம்-இல்லை கேள்வியைச் சேர்த்து மறுபடி தேடும். தன் கேள்விகளைத் தானே கூர்மையாக்கிக்கொள்ளும் இந்த முறை எனக்கு மிகவும் பிடித்தது. நல்ல விஞ்ஞானியும் இப்படித்தான் வேலை செய்கிறார்.

எந்தப் புரோகிராமைக் கொடுத்தாலும் சரி தவறு சொல்லிவிடும் ஒரே முறை இருக்கவே முடியாது என்பதை ஆலன் டூரிங் 1936-ல் செய்த ஆய்வு காட்டிவிட்டது. எனவே ஸ்லாமும் சில நேரம் 'முடிவு சொல்ல முடியவில்லை' என்று கைவிரிக்கும். ஆனாலும் டிரைவர்கள் சிறியவை, விதிகளும் தெளிவானவை என்பதால் அது நிறையப் பிழைகளைப் பிடித்தது. பிறகு 'ஸ்டேடிக் டிரைவர் வெரிஃபையர்' என்ற பெயரில், டிரைவர் எழுதுபவர்களுக்குக் கொடுக்கும் கருவிப் பெட்டியிலேயே மைக்ரோசாஃப்ட் அதைச் சேர்த்தது. 2011-ல் இந்தப் பணிக்காக ராஜாமணிக்கும் பாலுக்கும் 'கேவ்' விருது கிடைத்தது. ராஜாமணி பின்னாளில் பெங்களூரில் உள்ள மைக்ரோசாஃப்ட் ரிசர்ச் இந்தியாவின் தலைமைப் பொறுப்புக்கு வந்தார்.

விண்டோஸ் விஸ்டா வந்தபோது இன்னொரு மாற்றமும் நடந்தது. திரைக்குப் படம் வரையும் கிராபிக்ஸ் டிரைவரின் பெரும் பகுதியைப் பூஜ்ய அடுக்கிலிருந்து மூன்றாம் அடுக்குக்கு இறக்கினார்கள். கிராபிக்ஸ் சிப் 2 விநாடிக்குமேல் பதில் சொல்லாவிட்டால் விண்டோஸ் அதை மட்டும் மறுபடி துவக்கிப் பார்க்கும். கேம் விளையாடும்போது திரை ஒருமுறை கறுத்து உடனே திரும்பி வந்தால், பழைய காலமாக இருந்திருந்தால் அது ஒரு முழு முடக்கம் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

இத்தனைக்கும் பிறகும் 2024 ஜூலை 19 வந்தது. அன்று வெள்ளிக்கிழமை. 'கிரவுட்ஸ்ட்ரைக்' என்ற அமெரிக்கக் கம்பெனி, பெரிய நிறுவனங்களின் கம்ப்யூட்டர்களை வைரஸ்களிடமிருந்து காக்கும் மென்பொருளைச் செய்கிறது. எல்லாவற்றையும் கண்காணிக்க வேண்டும் என்பதால் அந்த மென்பொருளின் ஒரு பகுதி, டிரைவராகக் கெர்னலுக்குள் அமர்ந்திருக்கிறது. நம் நேரப்படி காலை 9.39 மணிக்கு அதற்கு ஒரு சிறிய தகவல் கோப்பை அனுப்பினார்கள். கோப்பின்படி 21-வது இடத்தில் ஒரு மதிப்பு இருக்க வேண்டும். டிரைவரிடம் இருந்தவை 20 மட்டுமே. இல்லாத இருபத்தொன்றாவதைப் படிக்கப் போய், அந்த 20-க்கும் அப்பால் இருந்த மெமரியைத் தொட்டது. அதோடு முடிந்தது.

கம்ப்யூட்டர் கிளம்பும்போதே ஏறிவிடும் டிரைவர் அது. ஆகவே மறுபடி கிளம்பினாலும் மறுபடி நீலம், மறுபடி கிளம்பினாலும் மறுபடி நீலம். காலை 10.57-க்கு அந்தக் கோப்பைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். ஆனால் அதற்குள் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் விழுந்திருந்தன என்று மைக்ரோசாஃப்ட் கணக்கிட்டது. உலகின் விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் அது 1 சதவீதம்கூட இல்லை. ஆனால் அவை இருந்த இடங்கள் விமான நிலையங்கள், வங்கிகள், மருத்துவமனைகள். நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். கிளம்பவே முடியாத கம்ப்யூட்டருக்கு இணையம் வழியாகத் திருத்தம் அனுப்ப முடியாது அல்லவா? பெரும்பாலான இடங்களில் ஆட்களே ஒவ்வொரு மெஷினாகப் போய், 'சேஃப் மோடு' என்ற முறையில் கிளப்பி, அந்த ஒரு கோப்பைக் கையால் அழித்தார்கள்.

அந்தச் சேஃப் மோடு உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று. அதில் விண்டோஸ் மிக அவசியமான டிரைவர்களை மட்டும் ஏற்றிக்கொண்டு கிளம்பும். வழக்கமாக நிற்கும் கம்ப்யூட்டர் சேஃப் மோடில் நிற்காமல் ஓடினால், பின்னாளில் சேர்ந்த ஏதோ ஒரு டிரைவரிடம்தான் குறை இருக்கிறது என்று சந்தேகம் வலுக்கும்.

நன்னிலத்தில் என்ன செய்தார்கள்? நோட்டைப் பார்த்த மெக்கானிக், "இதை முன்னாடியே காட்டியிருந்தா விண்டோஸை அழிச்சிருக்கவே வேண்டாமே பாப்பா" என்றார். முதலில் கைரேகைக் கருவியைக் கழற்றிவிட்டு, வேண்டுமென்றே பதினைந்து ஜன்னல்களைத் திறந்து வைத்து ஓட்டினார்கள். நிற்கவில்லை. கருவியை மாட்டி விரல் வைத்தார்கள். நின்றது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது என்பது இதுதான். இரண்டை ஒன்றாக மாற்றியிருந்தால் எதனால் சரியானது என்று கடைசிவரை தெரிந்திருக்காது.

கருவியோடு வந்த சிடியில் இருந்தது விண்டோஸ் 7 காலத்து டிரைவர். கம்ப்யூட்டரில் இருப்பதோ விண்டோஸ் 10. விண்டோஸைப் புதிதாகப் போட்ட பிறகும் வியாதி திரும்பியதன் ரகசியம் அந்தச் சிடிதான். கெட்ட டிரைவரையே மறுபடி மறுபடி உள்ளே கொண்டுவந்திருக்கிறார்கள். முன்னெச்சரிக்கையாக ஒரு 'ரீஸ்டோர் பாயின்ட்' எடுத்துக்கொண்டு, 'டிவைஸ் மேனேஜர்' பக்கத்தைத் திறந்து, கருவியின் பெயர்மேல் வலது சொடுக்கி அன்இன்ஸ்டால் செய்தார்கள். அப்போது 'டிரைவர் மென்பொருளையும் அழி' என்று ஒரு சிறு கட்டம் வரும். அதில் டிக் போடாவிட்டால் பழைய டிரைவர் உள்ளேயே இருந்து மறுபடி ஒட்டிக்கொள்ளும். பிறகு கருவியின் அடியில் ஒட்டியிருந்த மாடல் எண்ணைப் பார்த்து, அதைத் தயாரித்தவர்களின் சொந்தத் தளத்திலிருந்து விண்டோஸ் 10-க்கான 64 பிட் டிரைவரை இறக்கிப் போட்டார்கள். அதற்குப் பிறகு அந்த நவம்பர் முழுக்க நீலத் திரை வரவில்லை. காப்பீட்டு வரிசையும் நகர்ந்தது.

உங்கள் வீட்டிலோ பள்ளி ஆய்வகத்திலோ இப்படி நேர்ந்தால் பெரியவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே செய்யுங்கள். புது டிரைவர் போட்ட பிறகு தொல்லை தொடங்கியிருந்தால் அதே டிவைஸ் மேனேஜரில் 'ரோல் பேக்' என்று ஒரு பொத்தான் உண்டு, முந்தைய டிரைவருக்கே திரும்பலாம். 'உங்கள் டிரைவர்கள் பழசாகிவிட்டன, ஒரே சொடுக்கில் எல்லாவற்றையும் புதுப்பிக்கிறோம்' என்று இணையத்தில் மினுமினுக்கும் விளம்பரங்களைத் தொடவே வேண்டாம். மதகுச் சாவியை முகம் தெரியாதவரிடம் கொடுப்பதற்குச் சமம் அது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் டிரைவரை வெறும் ஆசைக்கு மாற்றவும் வேண்டாம். 2025-ல் விண்டோஸ் 11-ல் நீலத் திரை கறுப்பாக மாறிவிட்டது, சோக முகமும் போய்விட்டது. ஆனால் நிறுத்தக் குறிப்பும் கோப்பின் பெயரும் அதில் வரும். கம்ப்யூட்டர் தானாக அணைவதற்குள் அதை எழுதிக்கொள்ளுங்கள்.

கடைசியாக உங்களுக்கு ஒரு வேலை. ஆசிரியரிடம் கேட்டுக்கொண்டு டிவைஸ் மேனேஜரைத் திறங்கள். கீபோர்டின் பெயரை இரண்டு முறை சொடுக்கி, 'டிரைவர்' என்ற பகுதியில் தேதியைப் பாருங்கள். பெரும்பாலும் 2006 ஜூன் 21 என்று இருக்கும். உங்களில் பலர் பிறப்பதற்கு முந்தைய தேதி! ஐயோ, இவ்வளவு பழசா என்று பதறாதீர்கள். விண்டோஸோடு சேர்ந்தே வரும் டிரைவர்கள் எவ்வளவு புதியதாக இருந்தாலும் மைக்ரோசாஃப்ட் வேண்டுமென்றே அந்தப் பழைய தேதியைத்தான் போடுகிறது. ஒரு கருவிக்குச் சமமாகப் பொருந்தும் இரண்டு டிரைவர்கள் இருந்தால் விண்டோஸ் தேதி புதியதையே எடுத்துக்கொள்ளும். கருவியைச் செய்தவர் கொடுத்த டிரைவருக்கு வழிவிடத்தான் மைக்ரோசாஃப்ட் தன் டிரைவரின் தேதியைப் பின்னுக்குத் தள்ளி வைத்திருக்கிறது. உங்கள் கம்ப்யூட்டரில் இன்டெல் சிப் இருந்தால் 'சிஸ்டம் டிவைசஸ்' பட்டியலையும் பாருங்கள். சிலவற்றில் 1968 ஜூலை 18 என்று இருக்கும். அது இன்டெல் கம்பெனி தொடங்கப்பட்ட நாள்.

ஆகவே டிரைவர் புதியதா பழையதா என்று தேதியை வைத்து முடிவு செய்யாதீர்கள். அதே பக்கத்தில் தேதிக்குக் கீழே 'வெர்ஷன்' என்று ஒரு எண் இருக்கிறது, அதைப் பாருங்கள்.